கடைசிக் காலத்து நாய்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் மீட்கப்பட்ட முதிய நாய்களையும், இனிக் குணமாகாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட நாய்களையும், சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டில் 9 ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். இதுவரை 11 நாய்கள் வந்திருக்கின்றன. இப்போது கருப்பி என்ற ஒன்று மட்டும் இருக்கிறது. மருத்துவமனை வரிசையிலும், தொலைபேசியிலும், உறவினர் வீட்டு விசேஷங்களிலும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு எதையும் இங்கே குறிப்பிடவில்லை. நாயின் எடையையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டியது அது.

ஃபாஸ்டர் என்கிறார்களே, அது தத்தெடுப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தத்தெடுத்தால் நாய் உங்களுடையது. ஃபாஸ்டர் என்பது, நாயின் பொறுப்பு மீட்புக் குழுவிடமோ மீட்டவரிடமோ இருக்க, அதற்கு உங்கள் வீட்டில் இடமும் கவனிப்பும் கொடுப்பது. குட்டி நாய்க்கு அது சில வாரங்களுக்கான ஏற்பாடு. நல்ல வீடு கிடைத்ததும் அனுப்பிவிடுவோம். முதிய நாய்க்கும் தீராநோயுள்ள நாய்க்கும் பெரும்பாலும் உங்கள் வீடே கடைசி வீடாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்கிறோம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2007-இல் தொடங்கப்பட்ட மட்வில் என்ற அமைப்பு முதிய நாய்களை மட்டுமே மீட்கிறது. நோய் முற்றிய நாய்களைக் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கென்று தனித் திட்டமும் வைத்திருக்கிறது. இங்கே அப்படி முறைப்படுத்தப்பட்ட திட்டங்கள் குறைவு. மீட்டவருக்கும் உங்களுக்கும் இடையிலான புரிதலைக் கொண்டுதான் எல்லாமே நடக்கும் என்பதால், அந்தப் புரிதலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. செலவு பற்றிய கேள்வியில் அதை விரிவாகச் சொல்கிறேன்.

எத்தனை வயதானால் கிழட்டு நாய் என்று சொல்வது? தெருவில் எடுத்த நாயின் வயது எப்படித் தெரியும்?

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களை 7, 8 வயதிலேயே முதியவை என்று கொள்ளலாம். பொமரேனியன் போன்ற சிறிய நாய்கள் 10 வயதுக்கு மேல்தான் தளரத் தொடங்கும். தெருவில் எடுத்த நாயின் வயதைப் பல் தேய்மானம், கண் பாவையின் நீலம் கலந்த மங்கல், முகவாயின் நரை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் தோராயமாகச் சொல்வார். கல்லையும் எலும்பையும் கடித்து வளர்ந்த தெருநாய்க்குப் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக இருக்கலாம். நடைமுறையில், வயதைவிட அதன் சிறுநீரகமும் இதயமும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே முக்கியம்.

சாகப் போகிற நாய்க்கு எதற்கு வீடு? காப்பகத்திலேயே நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே?

நிம்மதியாக இருக்க முடியும் என்றால் நானும் அதையே சொல்வேன். காப்பகத்தில் வேலை செய்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நூறு நாய்களுக்கு நாலைந்து பேர் என்ற நிலையில், ஒரு கிழட்டு நாய் நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தது, இரவில் எத்தனை முறை எழுந்தது என்பதை யாராலும் கவனிக்க முடியாது. சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துப் புண்ணாகிவிடும். தட்டு வைத்த உடனே இளம் நாய்கள் முந்திக்கொள்ளும். பல் இல்லாத நாய் ஒதுங்கி நிற்கும். ஓயாத குரைப்புச் சத்தத்தில் அதற்குத் தூக்கமும் இருக்காது.

எங்களிடம் முதலில் வந்த டாமி என்ற லாப்ரடார் வந்த அன்று ஹாலில் விரித்திருந்த பழைய ஜமுக்காளத்தில் படுத்து, சாப்பாட்டுக்கும் சிறுநீருக்கும் தவிர எழாமல் இரண்டு நாள் தூங்கியது. நோய் முற்றிவிட்டதோ என்று பயந்துபோய் மருத்துவரை அழைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை நாள் தூங்காத தூக்கத்தைத் தூங்குகிறது, விடுங்கள் என்றார். நோயைத் தீர்க்க முடியாத நாய்க்கும் தூக்கத்தையும், பயமில்லாத ஒரு வேளைச் சாப்பாட்டையும், வலி தெரியாத ஒரு பிற்பகலையும் கொடுக்க முடியும். அதற்கு ஒரு வீடும், அதை மட்டும் கவனிக்க ஒரு ஆளும் வேண்டும்.

இப்படிப்பட்ட நாய்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன?

உரிமையாளர் இறந்துபோய், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் ஆதரவற்றுப் போனவை. குட்டி போடும் வயது முடிந்ததும் வளர்த்து விற்பவர்கள் தெருவில் விட்டுவிட்ட பெண் நாய்கள். நோய் வந்ததும் வேறொரு பேட்டையில் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டவை. ஒரே தெருவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, இனி ஓடவோ சண்டையிடவோ முடியாத நாட்டு நாய்கள். பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனாலும் கழுத்துப் பட்டையின் தடம் முடியில் அழியாமல் இருக்கும் நாய்களை ரயில் நிலையங்களுக்கு வெளியே இன்றும் பார்க்கிறோம்.

“இது பிழைக்காது” என்று சொன்னால் உண்மையிலேயே பிழைக்காதா?

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும், ஆனால் மிகச் சிலரே கேட்கிறார்கள். பார்வைக்குக் கொடூரமாகத் தெரியும் நோய் எல்லாம் தீராநோய் அல்ல. நம் தெருநாய்களிடம் மிகவும் பரவலாக உள்ள ஒரு கட்டி, இனப்பெருக்க உறுப்பில் பூக்கோசு போலப் புடைத்து ரத்தம் சொட்டும். இனச்சேர்க்கையின்போது புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவிப் பரவும் வினோதமான புற்றுநோய் அது. பார்ப்பவர்கள் எல்லாம் முடிந்தது கதை என்றுதான் சொல்வார்கள். ஆனால் வின்கிறிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒரு முறை நரம்பில் ஏற்றினால், பெரும்பாலான நாய்களுக்கு நாலைந்து ஊசியில் கட்டி கரைந்துவிடும்.

மணி என்ற நாட்டு நாயைக் கடைசி நாட்களை அமைதியாகக் கழிக்கட்டும் என்றுதான் எங்களிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆறாவது ஊசியோடு சிகிச்சை முடிந்தது. கருத்தடை செய்து, தத்தும் கொடுத்துவிட்டோம். உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான். ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வடிந்து, எழ முடியாமல் கிடக்கும் நாய், காலத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் தேறிவிடும். ஆகவே நாயை வாங்கிக்கொள்ளும் முன், நோயின் பெயர் என்ன, எந்தப் பரிசோதனையால் உறுதி செய்தார்கள், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அறிக்கை இல்லையென்றால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்த பிறகே தீராநோய் என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வீட்டில் குழந்தை இருக்கிறது, ஏற்கெனவே ஒரு நாயும் இருக்கிறது. நோய் தொற்றாதா?

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயநோய் எதுவும் மனிதருக்குத் தொற்றாது. மேலே சொன்ன கட்டி மட்டும் மற்ற நாய்களுக்குப் பரவும் என்பதால் அதைத் தனியாக வைக்க வேண்டும். மனிதருக்குத் தொற்றக்கூடியவற்றில் ரேபிஸும் எலிக்காய்ச்சலும் முக்கியமானவை. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர் வழியாகப் பரவும் என்பதால் சிறுநீரைக் கையுறையோடு துடைத்து, தரையைக் கிருமிநாசினியால் கழுவுங்கள். அடிக்கடி மீட்பு நாய்களைக் கையாளப் போகிறவர்கள் ரேபிஸுக்கான முன்தடுப்பு ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. கடியோ பல் பட்ட கீறலோ ஏற்பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வயதான நாய்தானே, செல்லமாகத்தானே கடித்தது என்று ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

வீட்டு நாய்க்குத் தடுப்பூசிகள் நிலுவையில்லாமல் இருக்க வேண்டும். புதிய நாயை முதல் இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டோடு வையுங்கள். டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் இந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் வெளிப்படும். குழந்தைக்கு ஒரே விதி போதும்: தூங்குகிற நாயைத் தொடக் கூடாது. காது கேளாத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கும். எங்களிடம் இருந்த ராஜபாளையம் நாய்க்கு, அந்த இனத்தில் பரவலாகக் காணப்படுவதுபோல், பிறவியிலேயே காது கேளாது. அதன் முன்னால் தரையை இரண்டு முறை மிதித்து, அதிர்வு தெரிந்து அது நிமிர்ந்து பார்த்த பிறகே கிட்டே போவோம்.

வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

முதலில் தரை. இன்றைய வழவழப்பான டைல்ஸ் தரையில் முதிய நாயின் பின்னங்கால்கள் அகன்று வழுக்கும். ஒரு முறை விழுந்த நாய் பயந்து எழுந்திருக்கவே மறுத்துவிடும். அதன் படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும், அங்கிருந்து வாசலுக்கும் பாதையாகக் கோணிச்சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரித்துவிடுங்கள். பாதி நாய்கள் இதிலேயே தேறி நடக்கத் தொடங்கிவிடும் என்று சொல்வேன். தட்டை ஒரு மணைப்பலகை மேல் வைத்தால் கழுத்தைத் தாழ்த்தாமல் சாப்பிடும்.

எழவே முடியாத நாயைப் பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பிலும் தோளிலும் படுக்கைப்புண் வந்துவிடும். மருந்துக் கடையில் நோயாளிகளுக்காக விற்கும் படுக்கை விரிப்பு இதற்கு நன்றாக உதவும். டயபர் கட்டினால் அடிக்கடி மாற்றுங்கள். ஈரத்தோடு விட்ட இடத்தில் ஈ மொய்த்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும். கோடையில் இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை.

தயிர்சாதம் மட்டும் போட்டால் போதுமா? என்ன சாப்பாடு கொடுப்பது?

நோயைப் பொறுத்தது. சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும். அதனால் எலும்புச் சாறும் ஈரலும் கூடாது. சோறு, முட்டை வெள்ளைக்கரு, சிறிது கோழிக்கறி என்று மருத்துவர் எழுதித் தருவார். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இதயநோய் நாய்க்கு உப்பு ஆகாது. கருவாடும் அப்பளமும் பாசத்தில் கொடுக்கும் விஷம். சாம்பார் சாதம், குழம்புச் சோறு எதையும் எந்த நாய்க்கும் போடாதீர்கள், ஏனெனில் வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் ஆபத்தானவை.

நாட்கள் எண்ணப்படும் கட்டத்தில், நாய் எதையும் தொடாதபோது, இந்தக் கணக்குகள் தளரும். அப்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு அது விரும்புவதைக் கொடுக்கலாம். ராஜபாளையத்துக்குக் கடைசி வாரத்தில் இட்லியை நெய்யில் தொட்டுக் கொடுத்தோம். விரலை நக்கிவிட்டு இன்னொன்று கேட்டது.

வலியில் முனகுகிறது. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. நமக்குச் சாதாரணமான ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் பழுதாகும். நாய்க்கென்று மருத்துவர் தரும் மெலாக்ஸிகாம்கூடச் சிறுநீரகம் பழுதான நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்டீராய்டும் இவ்வகை வலி மருந்தும் ஒன்றாகச் சேரவே கூடாது. தெருவில் இருந்தபோது யாராவது இரக்கப்பட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கலாம் என்பதால், மீட்டவரிடம் விசாரித்து அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கபாபென்டின், டிரமடால் போன்ற வேறு வழிகள் அவரிடம் உண்டு. வலியைத் தாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

செலவு யார் பொறுப்பு? மாதம் எவ்வளவு ஆகும்?

மருத்துவச் செலவு மீட்புக் குழுவுடையது, சாப்பாடும் இடமும் ஃபாஸ்டர் குடும்பத்துடையது என்பதே பொதுவான வழக்கம். ஆனால் வழக்கம் என்பது வாக்குறுதி அல்ல. எங்களிடம் வந்த ஒரு நாயின் விஷயத்தில், முதல் மாதம் தினமும் தொலைபேசியில் பேசியவர் இரண்டாவது மாதம் எடுக்கவே இல்லை, ஸ்கேன் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. அதன் பிறகுதான் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன். எந்த மருத்துவர், எந்தத் தொகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்க வேண்டும், நள்ளிரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது, நாங்கள் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பது, கடைசி முடிவை யார் எடுப்பது ஆகிய ஐந்தும் அதில் இருக்கும்.

தொகை நோய்க்கு நோய் மாறும். மூட்டுவலி நாய்க்கு மாத்திரையோடு போய்விடும். சிறுநீரக நாய்க்கு ரத்தப் பரிசோதனையும், தோலுக்கடியில் ஏற்றும் சலைனும் தொடர்ந்து வேண்டும். அந்தச் சலைனை வீட்டிலேயே ஏற்றக் கற்றுக்கொள்ளலாம், மருத்துவரே சொல்லிக்கொடுப்பார். சென்னையில் இருப்பவர்களுக்கு 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரிய துணை. காத்திருக்க வேண்டும், நாயைச் சுமந்து போக ஆட்டோக்காரரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். ஆனால் பல பிரிவு மருத்துவர்களும் ஒரே வளாகத்தில் கிடைப்பார்கள்.

அபார்ட்மெண்டில் நாய் வைக்கக் கூடாது என்கிறார்கள். வாடகை வீட்டில் என்ன செய்வது?

குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாடகை வீட்டில் உங்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. கிழட்டு நாய், படுத்தே கிடக்கும், சில மாதங்கள்தான் என்று நேரில் சொல்லிக் கேட்டபோது மறுத்தவர்கள் குறைவு; தெரியாமல் கொண்டுவந்து பிறகு மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் சிக்கல். மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. நோயுற்ற நாய்க்குத் தடுப்பூசி போடலாமா என்பதை மருத்துவரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். நாங்கள் செய்யலாமா?

முதிய நாய் பகல் முழுவதும் தூங்கும். ஆறு ஏழு மணி நேரம் தனியாக இருப்பதில் பிரச்சினை இல்லை. வலிப்பு வரும் நாயையும், தானாக எழ முடியாத நாயையும் மட்டும் வாங்காதீர்கள். மீட்டவரிடம் இதை வெளிப்படையாகச் சொன்னால் உங்களுக்கு ஏற்ற நாயைத் தருவார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு வார மருந்தைக் கையிருப்பில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் நான்கு நாள் எந்தக் கடையும் திறக்கவில்லை.

இரவெல்லாம் தூங்காமல் சுற்றுகிறது, சுவரைப் பார்த்து நிற்கிறது, ஊளையிடுகிறது. பேய் பிடித்ததா என்கிறார் மாமியார்.

வயதான மனிதருக்கு மறதிநோய் வருவதைப் போல நாய்க்கும் மூளைத் தளர்ச்சி வரும். பகலும் இரவும் மாறிப்போகும், கதவின் கீல் பக்கத்தில் நின்று வெளியே போகக் காத்திருக்கும், பழகிய ஆளை அடையாளம் தெரியாமல் விழிக்கும். அந்தி சாய்ந்ததும் அதிகமாகும். சிறு விளக்கை எரியவிடுவதும், சாமான்களை இடம் மாற்றாமல் வைப்பதும், மாலையில் சிறிது நடக்க வைப்பதும் உதவும், மருந்தும் உண்டு. ஆனால் அதற்கு முன், இரவு அலைச்சலுக்கு வலியோ மூச்சுத்திணறலோ காரணமா என்று பார்த்துவிட வேண்டும். மாமியாருக்கும் இதைப் பொறுமையாக விளக்குங்கள். எங்கள் வீட்டில் விளக்கம் கேட்ட பிறகு நாயோடு இரவில் விழித்திருந்தவர் என் மாமியார்தான்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் சொல்லி, வெடிச் சத்தத்துக்கான மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமான நாய்க்கு இது மிக அவசியம்.

வாலாட்டுகிறது, கூப்பிட்டால் பார்க்கிறது. அப்படியானால் வலி இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. உடம்பில் வேல் தைத்திருக்கும்போதும் எய்தவனைப் பார்த்து வாலாட்டும் பிராணி என்று நம் முன்னோர் நாயைப் பற்றிச் சொன்னது நட்பின் பெருமைக்காக. ஆனால் பராமரிப்பவருக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாயின் வாலை நம்பி வலியை அளக்க முடியாது. படுக்க இடம் தேடித் தேடி மாற்றுவது, வெயில் இல்லாதபோதும் மூச்சிரைப்பது, ஒரே இடத்தை ஓயாமல் நக்குவது, தலையைத் தாழ்த்தி முதுகை வளைத்து நிற்பது, தின்பண்டத்தை வாயில் வாங்கிக்கொண்டு மெல்லாமல் கீழே வைப்பது ஆகியவையே வலியின் அடையாளங்கள்.

இரண்டு எண்களை நீங்களே எடுக்கலாம். நாய் அயர்ந்து தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். எங்கள் ஸ்வீட்டி என்ற பொமரேனியனுக்கு இதய வால்வு பழுது. ஒவ்வோர் இரவும் கைப்பேசியின் மங்கல் வெளிச்சத்தில் எண்ணி 22, 24 என்று எழுதி வந்த நோட்டில், ஒரு வியாழக்கிழமை 38 என்று எழுத நேர்ந்தது. இருமலோ சோர்வோ எதுவும் தெரியவில்லை. அன்றிரவே கொண்டுபோனதால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியதைக் கண்டுபிடித்தார்கள். மேலும் ஐந்து மாதம் அது நன்றாக இருந்தது. இன்னோர் எண் தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும்.

இனிப் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆலிஸ் வில்லலோபாஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் வகுத்த அளவுகோல் ஒன்றைப் பல மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் 10-க்கு மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்பதில் மூச்சுவிடும் சிரமமும் அடங்கும். நான் இதை வாரம் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். இன்னொருவரையும் தனியாகப் போடச் சொல்லி ஒப்பிடுவேன், ஏனெனில் தினமும் கூடவே இருப்பவர் கண்ணுக்கு மெல்லச் சரிவது தெரியாது.

டாமியின் விஷயத்தில் நான் இதைச் செய்யவில்லை. சிறுநீரகம் முற்றிலும் பழுதாகி, அது வாந்தி எடுக்கத் தொடங்கிய பிறகும், ஒரு வேளை இரண்டு வாய் சாப்பிட்டதைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளினேன். ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தது. விடியும் வரை எந்த மருத்துவரும் கிடைக்கவில்லை. அந்த நான்கு மணி நேரம் அது பட்டதற்கு நோய் மட்டும் காரணமில்லை. என் தயக்கமும் காரணம். எனவே கேட்பவர்களிடம் நான் சொல்வது: நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே, எந்தெந்த அடையாளம் வந்தால் முடிவெடுப்பது என்று எழுதி வையுங்கள். அழுகையோடு இருக்கும் நாளில் அந்தத் தாள் உங்களுக்காக யோசிக்கும்.

கருணைக்கொலை பாவம் இல்லையா? இயற்கையாகவே போகட்டுமே?

இதைக் கேட்பவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன்; என் அம்மாவும் இதையேதான் கேட்டார். தூக்கத்தில் அமைதியாகப் போய்விடும் நாய்களும் உண்டு. கருப்பிக்கு முன் எங்களிடம் இருந்த 10 நாய்களில் ஒன்று அந்த முடிவு தேவைப்படும் நிலையே வராமல் தத்துப் போனது, இரண்டு மட்டும் அப்படித் தூக்கத்தில் போயின. மற்றவற்றின் நோய்க்கு இயற்கையான முடிவு என்பது மூச்சுத்திணறலோ, வலிப்போ, நாட்கணக்கான பட்டினியோதான். டாமிக்கு நடந்ததைத்தான் மேலே சொன்னேன். அதைப் பார்த்த பிறகு என் அம்மா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. உங்கள் மனம் ஒப்பவில்லையென்றால், வலியை முழுமையாகக் கட்டுப்படுத்தும் திட்டத்தை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். ஊசியும் வேண்டாம், வலி மருந்தும் வேண்டாம் என்ற நிலையை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

தெருநாய்களைப் பொறுத்தவரை, குணப்படுத்த முடியாத நோயோ உயிர் பிழைக்க முடியாத காயமோ உள்ளவற்றைத் தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் துன்பமில்லாத முறையில், மற்ற நாய்களின் கண்ணெதிரே இல்லாமல் கருணைக்கொலை செய்வதற்கு 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகள் இடம் தருகின்றன. வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதெல்லாம் அதற்குக் காரணமாகாது.

அந்த முடிவை நான் எடுப்பதா, மீட்டவர் எடுப்பதா? எனக்குச் சரியென்று பட்டும் அவர் மறுத்தால்?

முன்பு சொன்ன தாளில் ஐந்தாவது வரி இதற்காகத்தான். சட்டப்படி யாருடைய நாய் என்பதைவிட, கூடவே இருப்பவரின் நோட்டும் மருத்துவரின் பரிசோதனையும் சேர்ந்து சொல்வதற்கே எடை அதிகம் இருக்க வேண்டும். மீட்டவர் நாயைக் கடைசியாகப் பார்த்தது அது ஓடியாடிய நாளாக இருக்கலாம், அதனால்தான் மறுப்பார். தொலைபேசியில் வாதிடாமல் நேரில் வந்து ஓர் இரவு தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படித் தங்கிய இருவர் விடியற்காலையில் தாங்களே மருத்துவரை அழைத்தார்கள்.

அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமா? என்ன நடக்கும்?

முடிந்தால் இருங்கள். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகு நரம்பில் ஏற்றும் மருந்தில் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாமலே இருக்கும். நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தோன்றலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். இவை வலியால் அல்ல என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பதற மாட்டீர்கள். வீட்டுக்கு வரும் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். பழகிய படுக்கையில் பயம் குறைவு. குழந்தையிடம் “தூங்கப் போயிற்று” என்று சொல்ல வேண்டாம், அடுத்த இரவு அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும். இறந்துவிட்டது என்ற சொல்லையே மென்மையாகச் சொல்லுங்கள்.

உடலை என்ன செய்வது?

சொந்த நிலம் இருந்தால் நான்கடி ஆழத்துக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதைக்கலாம்; கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகில் கூடாது. ஊசியில் போன உடலில் மருந்து தங்கியிருக்கும் என்பதால், மேலாகப் புதைத்தால் தோண்டித் தின்னும் நாயும் காகமும் சாகும். நகரத்தில் செல்லப்பிராணிகளுக்கான தகன மேடைகள் உள்ளன. நேரத்தையும் கட்டணத்தையும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். அந்த நாளில் தேடி அலையும் தெம்பு இருக்காது.

மூன்று மாதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், இரண்டு வருடம் ஆகியும் நன்றாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது, வெட்கப்பட எதுவுமில்லை. சில மாதத்துக்கு என்று திட்டமிட்ட குடும்பத்துக்கு இரண்டு வருடம் என்பது உண்மையிலேயே பாரம். மீட்டவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, மருத்துவச் செலவை மறுபடி பேசுங்கள். மாதத்தில் இரண்டு நாள் மாற்று ஆள் கேளுங்கள். முடியவே இல்லையென்றால் நாய் நன்றாக இருக்கும்போதே வேறு வீடு தேடச் சொல்லுங்கள். நோயறிதல் தவறாக இருந்திருக்கலாம் என்பதால் எல்லாப் பரிசோதனைகளையும் புதிதாக எடுப்பதும் அவசியம்; தேவையில்லாத மருந்து ஏதாவது தொடர்ந்து போய்க்கொண்டிருக்கலாம்.

இப்போது எங்களிடம் இருக்கும் கருப்பி அப்படிப்பட்ட நாய்தான். சிறுநீரக நோய், மூன்று மாதம் என்று சொல்லி வந்தது. 26 மாதம் ஆகிறது. வாரம் இரண்டு முறை சலைன் பையைப் பார்த்ததும் தானாகவே வந்து ஜன்னல் ஓரம் படுத்துக்கொள்கிறது. சென்ற மாதம் தாளை எடுத்துத் தேதியைத் திருத்தி, மீட்டவரும் நாங்களும் மறுபடி கையெழுத்திட்டோம். அதன் ரேபிஸ் தடுப்பூசிக்கு அடுத்த தவணை வரும் செவ்வாய்க்கிழமை.